சின்ன வியாபாரம்: யார் பேரில் பதிவது, எப்படிப் பதிவது?

மலைக்குப் போகிற சம்பளம் மட்டும் இன்று ஒரு குடும்பத்துக்குக் காணாது. அதனால் லயத்து வீடுகளில் தையல் மெஷின் ஓடுகிறது. சிலர் லீக்ஸ், கரட் பயிரிட்டு விற்கிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். படித்த பிள்ளைகள் சிலர் கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக்காரருக்கு வேலை செய்து கொடுக்கிறார்கள். இப்படித் தொழில் செய்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இரண்டு. "பதிஞ்சா வரி கட்டணுமா?" என்பது ஒன்று. "கம்பனியாப் போட்டா வரி குறையும்னு சொல்றாங்களே, நெசமா?" என்பது மற்றது. இரண்டுக்கும் இங்கே விளக்கம் தருகிறோம்.

தொழில் செய்ய மூன்று வழிகள் உண்டு. தனிநபர் வியாபாரம், பங்குடைமை, கம்பனி என்பன அவை.

1. தனிநபர் வியாபாரம்

ஒருவர் தன் பேரில் தனியாகச் செய்வது இது. தனது முழுப் பேரில் இல்லாமல் "லட்சுமி தையலகம்" என்பது போல வேறு பேர் வைத்தால், வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் மூலம் பதிய வேண்டும். வங்கியில் கடன் கேட்டாலும் இந்தப் பதிவுப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடையாள அட்டையோடு கிராம உத்தியோகத்தரை முதலில் பாருங்கள். தொழில் நடக்கிற இடம் யாருடையது என்ற கேள்வி வரும். லயத்து வீட்டுக்கு உறுதி நம் கையில் இல்லாதபடியால், தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். நட்டப்பட்டால் நகை, சாமான் எல்லாவற்றுக்கும் அது வந்து சேரும்.

2. பங்குடைமை

அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை, சிநேகிதர்கள் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்வது இது. இலாபத்தைப் பிரித்து, அவரவர் பங்கை அவரவர் வருமானமாகக் கணக்குப் பார்ப்பார்கள். "நமக்குள்ள என்னத்துக்குக் கடுதாசி?" என்று பலர் வாய்ப்பேச்சிலேயே தொடங்கிவிடுகிறார்கள். முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. 1,000 ரூபா இன்று ஒரு மூட்டை உரத்துக்கும் காணாது. ஆகவே எழுதாத கூட்டு வேண்டாம். யார் எவ்வளவு போட்டார், இலாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்ற மூன்றையும் எழுதுங்கள். தொழிலுக்காக ஒரு பங்காளி வாங்கிய கடனை மற்றவரிடமும் கேட்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

3. கம்பனி

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி ஒரே ஆள்கூடக் கம்பனி தொடங்கலாம். சட்டத்தின் கண்ணில் கம்பனி ஒரு தனி ஆள். அதன் கடன் அதனுடையது, உங்களுடையதல்ல. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சின்னக் கம்பனிக்குக் கடன் கொடுக்கிற வங்கி, பெரும்பாலும் உங்கள் சொந்தப் பிணையையும் சேர்த்துக் கேட்கும். அப்போது அந்தக் கடனைப் பொறுத்தவரை பாதுகாப்புப் போய்விடும். கம்பனிச் செயலாளர், கணக்காய்வு, வருடாந்த அறிக்கை என்று வருஷா வருஷம் செலவும் உண்டு.

வரிக் கணக்கைப் பார்ப்போம்

வரி என்பது கையில் வந்த முழுப் பணத்துக்கும் இல்லை. துணி, நூல், கரண்ட் பில், போக்குவரத்து எல்லாம் கழித்து மிஞ்சுகிற இலாபத்துக்குத்தான்.

2025 ஏப்ரல் 1 முதல், ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 1,800,000 ரூபா வரைக்கும் வருமான வரி இல்லை. வரி வருஷம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். அந்தத் தொகைக்கு மேலே வருகிற முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 சதவீதம். அதற்கும் மேலே போகப் போக வீதம் ஏறும்.

தையல் செய்கிற ஒரு அக்காவுக்கு மாதம் 60,000 ரூபா இலாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 720,000. அவரே தோட்டத்தில் வேலை செய்து வருஷத்துக்கு 300,000 சம்பளம் வாங்கினால் இரண்டையும் கூட்ட வேண்டும். மொத்தம் 1,020,000. வரி ஒரு சதமும் இல்லை.

அதே தையலைக் கம்பனியாகப் போட்டால்? கம்பனிக்கு அந்த 1,800,000 விலக்கு கிடையாது. பொதுவான வீதம் 30 சதவீதம். 720,000 ரூபா இலாபம் கம்பனியில் அப்படியே நின்றால் வரி 216,000 ரூபா. தனக்குச் சம்பளம் எழுதி இலாபத்தைக் குறைக்கலாம், ஆனால் அதற்கும் கணக்காளர் வேண்டும். "கம்பனியாப் போட்டா வரி குறையும்" என்ற பேச்சு நம் அளவு தொழிலுக்குப் பொருந்தாது.

வருஷ இலாபம் 2,400,000 வரை வளர்ந்த, வேறு வருமானம் இல்லாத ஒரு மரக்கறி வியாபாரியை எடுத்துக்கொண்டாலும், தனிநபராக அவர் கட்டுவது மிகுதி 600,000க்கு 6 சதவீதம், அதாவது 36,000 ரூபா.

வெளிநாட்டுக்கு வேலை செய்து, பணத்தை வெளிநாட்டு நாணயத்தில் வங்கி மூலம் எடுக்கிற பிள்ளைகளுக்கு 2025 மார்ச் வரை அந்த வருமானத்துக்கு வரி இருக்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் உண்டு. ஆனாலும் விலக்குப் போக மிகுதிக்குத்தான். அந்த வருமானத்துக்கு வீதம் 15 சதவீதத்துக்கு மேல் போகாது.

வரி இலக்கம் வேறு, வரி வேறு

உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தருகிற வரி இலக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். இலக்கம் எடுத்தவுடனே வரி விழுந்துவிடாது. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி. அதைக் காட்ட ஒரு கொப்பி போதும். அன்றன்று வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுங்கள். பில்களைக் குறைந்தது 5 வருஷம் வைத்திருங்கள்.

உதவிக்கு ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தால், அந்த முதல் ஆளில் இருந்தே சேமலாப நிதி உண்டு. ஆளிடம் 8 சதவீதம், நீங்கள் 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். நமக்குத் தோட்டம் ஒழுங்காகக் கட்டவேண்டும் என்று கேட்கிற நாம், நம்மிடம் வேலை செய்கிறவருக்கும் கட்ட வேண்டும்.

பேர் யாருடையது?

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இது. பல வீடுகளில் தைப்பது மனைவி, பதிவு புருஷன் பேரில். வங்கிக் கணக்கும் அவர் பேரில். அப்படியானால் சட்டப்படி தொழில் அவருடையது. அவர் வேறெங்கோ பட்ட கடனுக்கு அந்த மெஷினையும் கேட்பார்கள். அவர் போய்ச் சேர்ந்தால் பங்கு கேட்டு ஆட்கள் வருவார்கள். மனைவி கடன் கேட்டுப் போனால் "உங்க பேர்ல ஒண்ணும் இல்லையே" என்பார்கள். வரிக் கணக்கிலும் இலாபம் புருஷனின் சம்பளத்தோடு சேரும். மனைவிக்கு உள்ள 1,800,000 விலக்கு வீணாகும்.

பெண்ணின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்குவது பல தோட்டங்களில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கத்தைப் புதுத் தொழிலுக்கும் கொண்டுவர வேண்டாம். செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரிந்த நியாயம். வியாபாரத்திலும் அதுதான். உழைப்பு யாருடையதோ, பதிவு அவர் பேரில் இருக்கட்டும்.

ஆகவே, தொடங்கும்போது தனிநபராக, உழைக்கிறவர் பேரில் பதியுங்கள். கூட்டு என்றால் எழுதிச் செய்யுங்கள். கம்பனியைப் பற்றி, தொழில் பெருத்து, பெரிய கடனோ பெரிய ஒப்பந்தமோ வருகிற காலத்தில் யோசிக்கலாம். வரி வீதங்கள் மாறக்கூடியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் இறைவரி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.