ஒரே இனம், இரண்டு சீருடைகள்: அமெரிக்க யுத்தத்தில் செரோக்கியர்

அமெரிக்க உள்நாட்டு யுத்தம் (1861 - 1865) பற்றிப் பேசப்படும் போதெல்லாம் வடக்கு, தெற்கு என்ற இரு தரப்பினரும் கறுப்பின அடிமைகளுமே நினைவுக்கு வருகின்றனர். அந்த யுத்தத்தில் தமக்குச் சொந்தமில்லாத சண்டையொன்றுக்குள் இழுத்து விடப்பட்ட செரோக்கி பழங்குடியினரின் கதை வெளியே அதிகம் அறியப்படாதது.

1838, 1839ஆம் ஆண்டுகளில் தென்கிழக்கிலிருந்த தமது பூர்வீக நிலங்களிலிருந்து பலவந்தமாகத் துரத்தப்பட்ட இம்மக்கள், இன்றைய ஒக்லஹோமா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் குடியேறியிருந்தனர். அங்கு அவர்களுக்கென அரசியலமைப்பும் பாராளுமன்றமும் பாடசாலைகளும் இருந்தன. ஏறத்தாழ 2,500 கறுப்பின அடிமைகளும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. வெளியேற்றத்துக்கு இணங்கி 1835இல் ஒப்பமிட்டவர்களுக்கும் அதனை எதிர்த்தவர்களுக்கும் இடையிலான பகை இரத்தம் சிந்திய பகையாகும். ஒப்பமிட்டவர்களில் மூவர் 1839இல் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். அன்று தப்பிய ஸ்ரான்ட் வேட்டி பின்னர் தென்தரப்பின் ஜெனரலானார்.

தலைவர் ஜோன் ரொஸ் 1861இன் நடுப்பகுதியில் நடுநிலையையே பிரகடனம் செய்தார். ஆனால் நடுநிலை வகிப்பவனுக்கும் ஒரு காவல் வேண்டும். ஒப்பந்தப்படி பாதுகாப்பளிக்க வேண்டிய வொஷிங்டன், கோட்டைகளிலிருந்து துருப்புகளை மீளப்பெற்றுக்கொண்டது. வேட்டியோ ஏற்கனவே தென்தரப்பில் ஆயுதம் ஏந்திவிட்டார். வேறு வழியின்றி அவ்வாண்டு ஒக்டோபரில் ரொஸ் தென்தரப்புடன் ஒப்பந்தம் செய்தார். அவரது ஆதரவாளர்களைக் கொண்டு ஜோன் ட்ரூ தலைமையில் ஒரு படையணி உருவானது.

அப்படையணியினரின் மனம் அப்போரில் ஒருபோதும் இருக்கவில்லை. அவர்களிற் பலர் மேலங்கியில் இரு குண்டூசிகளைக் குறுக்காகக் குத்தியிருந்த, மரபைப் பேணிய கீற்றூவா சங்கத்தினர். 1861 டிசம்பரில், வடக்கு நோக்கித் தப்பியோடிய கிறீக் முதியவர் ஒபொத்லெயஹோலாவின் மக்களைத் தாக்குமாறு கட்டளையிடப்பட்டபோது, மோதலுக்கு முந்திய இரவிலேயே பெரும்பாலானோர் படையைக் கைவிட்டுச் சென்றனர். சிலர் எதிரிகளெனக் கூறப்பட்டவர்களுடனேயே சேர்ந்துகொண்டனர். 1862 ஜூலையில் வடபடை செரோக்கி மண்ணுக்குள் நுழைந்ததும், ட்ரூவின் வீரர்கள் நூற்றுக்கணக்கில் அணி மாறினர்.

இவர்களைக் கொண்டே மூன்றாவது இந்தியன் ஹோம் கார்ட் படையணி அமைக்கப்பட்டது. அதன் கேர்ணல் வில்லியம் பிலிப்ஸ், ஸ்கொட்லாந்தில் பிறந்த ஒரு பத்திரிகையாளர். எமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எமக்குச் சிறு பெருமை. உயரதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர். கப்டன்களிற் பலர் செரோக்கியர். இரண்டாவது படையணியிலோ செரோக்கியருடன் ஓசேஜ், டெலவேர் எனப் பல இனத்தவரும் கலந்திருந்தனர். ஆங்கிலம் அறியாதோர் மிகுந்திருந்தமையால் கட்டளைகள் மொழிபெயர்க்கப்பட்டே வீரர்களைச் சென்றடைந்தன.

1863 ஜூலை 17இல் ஹனி ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் நடைபெற்ற மோதல் இதன் உச்சம். ஜெனரல் பிளன்ற்றின் சுமார் 3,000 பேர் கொண்ட வடபடையில் வெள்ளையரும், கன்சாஸில் திரட்டப்பட்ட கறுப்பினத்தவரும், செவ்விந்தியரும் தோளோடு தோள் நின்றனர். எதிரே ஏறத்தாழ இருமடங்கினர். அவர்களிடையே வேட்டியின் செரோக்கியரும் இருந்தனர். மழையில் தென்தரப்பின் தரங்குறைந்த வெடிமருந்து நனைந்துபோனதும் சேர்ந்துகொள்ள, வெற்றி வடக்குக்கானது.

வெற்றியால் மக்களுக்குக் கிடைத்தது யாது? இரு தரப்புக் குழுக்களும் மாறிமாறி வீடுகளை எரித்தன; கால்நடைகளைக் கவர்ந்தன. யுத்தம் முடிவதற்குள்ளாகவே பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் விதவைகள், பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் அநாதைகள் என மதிப்பிடப்பட்டது. தென்தரப்பின் கடைசி ஜெனரலாக வேட்டி 1865 ஜூன் 23இல் சரணடைந்தார்.

அவ்வாண்டு செப்டெம்பரில் சமாதானப் பேச்சுக்குச் சென்ற செரோக்கியர், தென்தரப்புடன் செய்த ஒப்பந்தத்தால் உரிமைகளை இழந்துவிட்டதாகக் கூறப்பட்டபோது அதிர்ந்தனர். அந்த ஒப்பந்தத்தை 1863 பெப்ரவரியிலேயே இரத்துச் செய்து, அடிமை முறையையும் தாமாகவே ஒழித்திருந்தவர்கள் அவர்கள். வடக்கின் சீருடையில் மாண்டவர்களின் குடும்பங்களும் அதே தண்டனைக்குள் அடங்கின. 1866 ஒப்பந்தம் மேற்குப்புற நிலங்களைப் பிற இனத்தவர்களுக்குத் திறந்துவிட்டது. ரயில் பாதைகளுக்கு வழிவிட்டது.

அதே ஒப்பந்தம் விடுதலை பெற்ற அடிமைகளுக்குச் செரோக்கி குடியுரிமையையும் வழங்கிற்று. இவ்வுரிமையை அவர்களின் சந்ததியினரிடமிருந்து பறிக்க 2007இல் செரோக்கி வாக்காளர்கள் முடிவெடுத்தனர். 2017இல் அமெரிக்க சமஷ்டி நீதிமன்றமொன்று ஒப்பந்தமே செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது. 2021இல் செரோக்கி உச்ச நீதிமன்றம் குடியுரிமையை இரத்த உறவுடன் பிணைத்த சொற்களைத் தனது அரசியலமைப்பிலிருந்து நீக்குமாறு பணித்தது.