காலை ஏழு மணி இரைச்சல்

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்றொரு சின்ன கிராமம். சுமார் 18 மாதங்களாக அங்கே தினமும் காலை ஏழு மணிக்கு இணையம் படுத்துவிடும். கேபிளின் பெரும்பகுதியை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் கருவியோடு, கொட்டும் மழையில், விடியற்காலையிலேயே ஊரைச் சுற்றினார்கள். ஏழு மணிக்குக் கருவியில் இரைச்சல் வெடித்துக் கிளம்பியது. ஒரு வீட்டில் பழைய டிவியை அந்த நேரத்துக்குப் போடுவார்கள். அதன் மின்காந்த இரைச்சல்தான் ஊரின் தொலைபேசிக் கம்பிகளில் ஏறியிருந்தது. 2020 செப்டம்பரில் இது உலகச் செய்தியானது.

ஒரு டிவிக்கு ஏன் இவ்வளவு வலிமை? தொலைபேசிக் கம்பி பேச்சுக்காகப் போடப்பட்டது. பேச்சுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். ஏடிஎஸ்எல் எனப்படும் அகலக்கற்றை இணையமோ அதே செம்புக் கம்பியில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. அந்த உயரத்தில் கம்பி ஆன்டெனாவாகிவிடும்; மத்திய அலை வானொலிகூட உள்ளே நுழையும். அதனால் மோடம் இந்தப் பரப்பை 256 தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரைச்சலை அளக்கிறது. அமைதியான தடத்தில் 15 பிட் வரை ஏற்றும். மோசமான தடத்தை வெறுமனே விட்டுவிடும்.

நிலையான இரைச்சலைக் கணக்கிட இது நல்ல வழி. அத்தகைய இரைச்சலுக்கு ஓர் உதாரணம்: ஒரே கேபிளில் ஒட்டியபடி ஓடும் கம்பி இணைகள் ஒன்றின் சமிக்ஞையை மற்றொன்றில் கசியவிடும். இதுதான் குறுக்குப்பேச்சு. இதைக் குறைக்கத்தான் இணைக் கம்பிகளை முறுக்குகிறார்கள். அந்த உத்திக்கு கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றார். பல கசிவுகள் சேரும்போது அவற்றின் கூட்டுத்தொகை ஏறத்தாழ மணி வடிவ வளைவில் அடங்கிவிடும். அதனால் இணைப்பின் வேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தலைவலி, திடீரென அறையும் துடிப்பு இரைச்சல். மணி வளைவை நம்பினால் அவ்வளவு பெரிய மின்னழுத்தம் நடைமுறையில் வரவே கூடாது. ஆனால் வருகிறது. 1990களில் ஜெர்மன் தொலைபேசி வலையமைப்பில் அளந்து பார்த்த வெர்னர் ஹென்கலும் தாமஸ் கெஸ்லரும் துடிப்பின் உயரம், நீளம், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் தனித்தனியே விவரித்தார்கள். என் பார்வையில் மூன்றாவதுதான் முக்கியம். துடிப்புகள் கூட்டமாக வந்து, பிறகு வெகுநேரம் அடங்கிக் கிடப்பதுண்டு. ஒரு மணிக்கு இத்தனை என்று சராசரி சொன்னால், கம்பியில் உண்மையில் நடப்பது அதற்குள் மறைந்துபோகிறது.

பாதுகாப்பு எப்படி அமைய வேண்டும் என்பதே இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஏடிஎஸ்எல் ஒரு குறியீட்டை 250 மைக்ரோநொடியில் அனுப்புகிறது. அடுத்தடுத்த பைட்டுகளை நேரத்தில் சிதறடித்து அனுப்பினால், ஒரு துடிப்பு அடித்தாலும் சேதம் பரவிக் குறைந்து, பிழைதிருத்தக் குறியீட்டால் சரியாகிவிடும். அதற்கு விலை, மில்லி நொடிக் கணக்கில் தாமதம். இணைய விளையாட்டுக்காரர்கள் இதை அணைக்கச் சொல்வது அதனால்தான். 2010இல் வந்த ஜி.998.4 தரநிலை வேறு வழி காட்டியது: சேதமான துண்டை மட்டும் மீண்டும் அனுப்பு. இதற்கும் இடைவெளிதான் எல்லை. விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர் போன்றவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். அப்போது 10 மில்லி நொடிக்குள், அடுத்த அடி விழுமுன், மறுபிரதி போய்ச் சேர்ந்தாக வேண்டும்.