ஒன்றரை நிமிடப் பாட்டுக்குள் எத்தனை இசை!

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து கிளம்பிய பேட் பிரெய்ன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1980-இல் வந்தது. ‘பே டு கம்’ என்ற அந்தப் பாட்டு சுமார் ஒன்றரை நிமிடம்தான். முதல் தடவை கேட்டால் இரைச்சலாகத்தான் இருக்கும். நாலைந்து தடவை கேட்டபின் வேறொன்று பிடிபடும். அத்தனை வேகத்திலும் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தே ஓடுகின்றன, சேர்ந்தே திரும்புகின்றன.

பங்க் என்றாலே இசை தெரியாதவர்களின் இசை என்றொரு எண்ணம் இன்றும் இருக்கிறது. மூன்று கார்டு தெரிந்தால் குழு தொடங்கிவிடலாம் என்பதைப் பங்க் ரசிகர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதன் அடுத்த கட்டமான ஹார்ட்கோரை உருவாக்கியதில் முன்வரிசையில் நிற்கும் இந்த நான்கு கறுப்பின இளைஞர்களோ, ஜாஸ் ஃபியூஷன் வாசித்துக் கை பழகியவர்கள். ஹார்ட்கோரின் வேகத்தை வெறும் கோபமாகப் பார்ப்பவர்கள் இவர்களுடைய உழைப்பைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.

எச்.ஆர்., அவர் தம்பி ஏர்ல் ஹட்சன், டாக்டர் நோ, டேரில் ஜெனிஃபர் ஆகியோரின் குழுவுக்கு முதலில் இருந்த பெயர் மைண்ட் பவர். அவர்கள் கொண்டாடியது ஸ்டீவி வொண்டரை, ரிட்டர்ன் டு ஃபாரெவர் குழுவை, எல்லாவற்றுக்கும் மேலாக மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை. அதை நடத்திய ஜான் மெக்லாக்லின் நம் ரசிகர்களுக்குத் தெரிந்தவர்தான். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றவர், பின்னால் எல்.சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவைத் தொடங்கியவர். மகாவிஷ்ணுவின் இசை, வழக்கமான நான்கு அடிக்குள் அடங்காத கணக்குகளில் பாய்ந்து செல்லும். பேட் பிரெய்ன்ஸ் பாட்டுகளில் அந்தக் கணக்குகளைத் தேடினால் ஏமாற்றம்தான். அங்கிருந்து வந்தது கைத்தெளிவு. மேல் காலத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழ வேண்டும் என்று மிருதங்க ஆசிரியர் வற்புறுத்துவாரே, அந்தச் சுத்தம் ஏர்ல் ஹட்சனின் டிரம்ஸில் இருக்கிறது.

சிட் மெக்ரே என்ற நண்பர் வழியாகத்தான் பங்க் இவர்களிடம் வந்து சேர்ந்தது. ரமோன்ஸ் குழுவின் ஒரு பாட்டிலிருந்து புதுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ரமோன்ஸின் வேகம் போதவில்லை, இன்னும் ஏற்றினார்கள். பிளாக் சப்பாத் குழுவின் கனத்த கிட்டாரும் அவர்கள் காதில் ஏற்கெனவே இருந்தது. ‘பேன்ட் இன் டி.சி.’ பாட்டு தலைதெறிக்க ஓடிவந்து, சட்டென்று வேகம் குறைந்து பாறைபோல இறங்கும் இடத்தில் அந்தக் கனத்தைக் கேட்கலாம்.

அடுத்தது ரெக்கே. பாப் மார்லியின் கச்சேரியை நேரில் பார்த்தது அவர்களை உலுக்கியது. ராஸ்தாஃபாரி சமய நம்பிக்கைக்குள் போனார்கள். ரெக்கேயில் பல சமயம் முதல் அடி காலியாக நிற்கும், மூன்றாம் அடியில்தான் டிரம்ஸ் விழும். ஹார்ட்கோருக்கு நேர் எதிரான இலக்கணம் இது. இரண்டையும் குழைத்து நடுவாந்தரமாக ஒன்றைச் செய்யாமல், அடுத்தடுத்து அப்படியே வைத்தார்கள். 1982-இல் கேசட்டாக வந்த முதல் ஆல்பத்தில், ஓட்டமாக ஓடும் பாட்டுகளுக்கு நடுவே ‘லீவிங் பாபிலோன்’ நிதானமாக அசைந்து வரும். லண்டனில் தி கிளாஷ் குழு 1977-லேயே ஜூனியர் மர்வினின் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ பாட்டைத் தன் பாணிக்கு மாற்றிப் பாடியிருந்தது. அழகான முயற்சிதான். ஆனாலும் இரண்டு இசையையும் அதனதன் முழு வடிவில் வாசித்துக் காட்டிய பேட் பிரெய்ன்ஸின் துணிச்சலே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்த ராஸ்தாஃபாரி நம்பிக்கையோடு தன்பால் ஈர்ப்பாளர் மீதான வெறுப்பும் சேர்ந்து வந்தது. அதே 1982-இல் டெக்சாஸில் சக இசைக் கலைஞர்களை அது காயப்படுத்தியது. இவர்களைக் கொண்டாடும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாஷிங்டனில் இவர்களைப் பார்த்து வளர்ந்த பையன்களில் ஒருவர் இயன் மக்கே. பேட் பிரெய்ன்ஸுக்குத் தான் பட்ட கடனை அவர் மறைத்ததே இல்லை. அவருடைய மைனர் திரட் குழு அந்த வேகத்தையும் கட்டுக்கோப்பையும் எடுத்துக்கொண்டது. 1983-இல் அது கடைசியாக வாசித்த மேடையில், வாஷிங்டன் கறுப்பின மக்களின் நடன இசையான கோ-கோவை வாசிக்கும் டிரபிள் ஃபங்க் குழுவும் இருந்தது.

பின்னர் ஃபுகாஸி குழுவைத் தொடங்கியபோது, ஸ்டூஜஸ் குழுவின் முரட்டுத்தனமும் ரெக்கேயும் சேர்ந்த ஓர் இசை வேண்டும் என்று மக்கே விரும்பினார். 1988-இல் வந்த ‘வெயிட்டிங் ரூம்’ பாட்டில் பேஸ்தான் முன்னால் நடக்கிறது, கிட்டார் அதன் பின்னால் வருகிறது. பாட்டு சூடு பிடித்த சில நொடிகளிலேயே எல்லாக் கருவிகளும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருக்க, முன்பு நின்ற அதே உறுதியோடு குழுவினர் மறுபடி தொடங்குகிறார்கள்.