இன்சுலின் பிறந்த கதை

பசித்த பிள்ளைக்கு வயிறார உணவு கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்களே சொன்ன காலம் ஒன்று இருந்தது. நீரிழிவு கண்ட சிறுவர் சிறுமியருக்கு அன்று அரைப் பட்டினியே மருந்து. அது நோயைத் தீர்க்கவில்லை. சாவைச் சிறிது காலம் தள்ளிப்போட்டது, அவ்வளவே.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை தசைகளுக்குள் சென்று ஆற்றலாக மாறத் துணைபுரிவது இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையத்தில் இது சுரக்கின்றது. சுரப்பு நின்றால் சர்க்கரை இரத்தத்தில் தேங்கி, சிறுநீரோடு வீணே கழியும்; உடல் மெலியும்.

1889இல் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றவே, அதற்கு நீரிழிவு கண்டது. கணையத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு அன்று விளங்கிற்று. எனினும், அதிலிருந்து மருந்தெடுக்க முயன்றவர்கள் நெடுங்காலம் வெற்றி காணவில்லை.

1921ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் பாண்டிங் என்னும் இளம் மருத்துவர் இம்முயற்சியில் இறங்கினார். பேராசிரியர் மக்லியாட் ஆய்வுக்கூடம் அளித்தார். சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவர் துணை நின்றார். அவர்கள் எடுத்த கணையச் சாறு, நோயுற்ற நாய்களின் சர்க்கரையைக் குறைத்தது.

1922 ஜனவரி 11ஆம் நாள், லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாற்றை ஊசியால் செலுத்தினர். பயன் மிகச் சிறிது; ஊசி போட்ட இடத்தில் கட்டி கண்டதுதான் மிச்சம். சாற்றில் கலந்திருந்த அழுக்குகளே காரணம். குழுவில் இருந்த வேதியியல் அறிஞர் காலிப், ஆல்கஹாலின் உதவியால் அதைத் தூய்மைப்படுத்தினார். 12 நாட்கள் கழித்து மீண்டும் ஊசி போட்டபோது, ஒரே நாளில் இரத்தச் சர்க்கரை 520லிருந்து 120 ஆக இறங்கியது! அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சிறுமி டொரண்டோவுக்கு வந்தாள். 15 வயதை எட்டவிருந்த அவளது எடை ஏறத்தாழ 20 கிலோதான். இன்சுலின் பெற்று, நல்ல உணவு உண்டு தேறினாள். கல்லூரியில் பயின்று, மணமாகி, மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, 1981 வரை வாழ்ந்தார்.

பாண்டிங்கும் மக்லியாடும் 1923இல் நோபல் பரிசு பெற்றனர். பாண்டிங் தம் பரிசுத் தொகையில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியாட் பாதியைக் காலிப்புக்கும் அளித்தனர். பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் மருந்தின் உரிமையை ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர்.

இன்சுலின் நோயை அடியோடு போக்குவதில்லை; சுரப்பு அற்றவர்கள் நாள்தோறும் அதைச் செலுத்திக்கொள்ள வேண்டும். தோழியரே, நம் வகுப்பில் ஒருத்தி உணவுக்கு முன் ஊசி போட்டுக்கொள்வதைக் கண்டால் அஞ்சவோ இரங்கவோ வேண்டாம். அவள் உண்டு முடிக்கும்வரை உடன் அமர்ந்திருப்போம். இன்றும் இம்மருந்தை விலை கொடுத்து வாங்க இயலாத ஏழைகள் உலகில் பலர் உள்ளனர். அவர்களுக்கும் அது எட்டும் நாளில்தான், அந்த ஒரு டாலரின் நோக்கம் முழுமையாக நிறைவேறும்.