இருபது விநாடிக்குச் சொந்தக்காரர்

2012 ஆகஸ்ட் மாதம் எம்.எஸ். படிக்க விஸ்கான்ஸின் மாநிலத்து மேடிசன் நகரில் போய் இறங்கியபோது என்னிடம் இருந்த இசை முழுக்க இளையராஜா, கொஞ்சம் ரஹ்மான். ஹிப் ஹாப் என்றால் கழுத்தில் சங்கிலியும் வாயில் வசவுமாக யாரோ வேகவேகமாகப் பேசுவது என்ற அளவில்தான் நமது ஞானம். அறை நண்பன் ஒருவன்தான் பப்ளிக் எனிமி குழுவைக் கேட்க வைத்தான். ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' படத்துக்காக 1989இல் அவர்கள் செய்த 'ஃபைட் த பவர்'. வார்த்தைகள் பாதி புரியவில்லை. ஆனால் அடியில் ஓடிய தாளம் விடவில்லை. பனியில் லாபுக்கு நடந்து போகும் நேரமெல்லாம் மாதக்கணக்கில் அதே பாட்டுதான்.

அந்தத் தாளக்கட்டில் முக்கியமான ஓர் இழையை வாசித்தவர் நான் நடந்துகொண்டிருந்த அதே ஊரில் வசித்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது 2017 பிப்ரவரியில். படிப்பு முடிந்து கலிஃபோர்னியாவில் வேலைக்கு வந்துவிட்டிருந்தேன். க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட், வயது 73, மேடிசனில் காலமானார் என்று செய்தி.

யார் இவர்? ஸோல் இசையின் பெருந்தலை ஜேம்ஸ் ப்ரவுனின் குழுவில் 1965 முதல் 1971 வரை ட்ரம்ஸ் வாசித்தவர். டென்னஸி மாநிலத்தின் சட்டனூகாவில் பிறந்தவர். யாரிடமும் முறையாகக் கற்றவரில்லை. சிறுவயதில் ஆலைகளின் இரைச்சலிலும் ரயில் ஓசையிலும் தாளம் பழகியவர். 1969 நவம்பர் 20ஆம் தேதி சின்சினாட்டியில் ப்ரவுன் குழு ஒரு நீண்ட பாட்டைப் பதிவு செய்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடியபின் ப்ரவுன் மற்ற வாத்தியங்களை நிறுத்திவிட்டு ட்ரம்ஸை மட்டும் தொடரச் சொல்கிறார். அதிலும் ஒரு நிபந்தனை: தனி ஆவர்த்தனமெல்லாம் வேண்டாம், வாசிப்பதையே வாசி. எட்டு தாளவட்டம், சுமார் இருபது விநாடி. பிறகு எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். பாட்டின் பெயர் 'ஃபங்கி ட்ரம்மர்'.

அந்த இருபது விநாடியில் அப்படி என்ன இருக்கிறது? வலது கை ஹை-ஹாட் தட்டில் ஒரு வட்டத்துக்குப் பதினாறு துடிப்பாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்நேர் மேளத்தில் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் 'பளார்' என்று அடி. இதுவரை எல்லோரும் செய்வது. சூட்சுமம் அந்த அடிகளுக்கு நடுவே இருக்கிறது. இடது கைக் குச்சி ஸ்நேரின் தோலை லேசாக, தொட்டும் தொடாமலும் சீண்டிக்கொண்டே போகிறது. ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் இதற்குப் 'பேய்ச் சுரம்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். உரக்கப் பேசுகிறவர் இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வதைப் போல. முணுமுணுப்பை எடுத்துவிட்டால் வெறும் கடிகாரம்தான் மிஞ்சும். (வீட்டில் மேஜைமேல் விரலால் முயன்று பார்த்திருக்கிறேன். மனைவி கதவைச் சாத்திக்கொண்டதுதான் பலன்.)

பாட்டு அத்துடன் மறக்கப்பட்டிருக்கும். ஆனால் 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டிடத்தில் நடந்த விருந்தில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் இசைத்தட்டு போட்டார். பாட்டு முழுவதையும் விட, நடுவில் ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் ஜனங்கள் வெறிகொண்டு ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, ஒன்று முடிய மற்றொன்றில் அதே இடத்தைத் தொடங்கி, சில விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள்.

கையால் செய்ததைப் பின்னர் எந்திரம் செய்தது. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற ஸாம்ப்ளரின் மொத்த நினைவகம் பத்து விநாடி ஒலிக்குத்தான் காணும்! இடத்தை மிச்சப்படுத்த, 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, எந்திரத்துக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். அந்தக் காலத்து ராப் பாடல்களின் சொரசொரப்புக்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். இத்தனை சின்ன நினைவகத்துக்கு, குரலோ வேறு வாத்தியமோ கலக்காத சுத்தமான ட்ரம்ஸ் துண்டு வரப்பிரசாதம். மேலே பேச்சுக்கு இடமும் இருக்கிறது. 'ஃபங்கி ட்ரம்மர்' முழுநீளமாக 1986இல் ஒரு தொகுப்பில் மறுபடி வெளியானதும் வந்தது வெள்ளம். எல்எல் கூல் ஜே, என்.டபிள்யூ.ஏ., ராப்புக்குச் சம்பந்தமில்லாத ஜார்ஜ் மைக்கேல், ஷினேட் ஓ'கானர் வரை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்.

ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதில் பங்கு ஏதும் வரவில்லை.

இதில் நேரடியான வில்லன் கிடையாது என்பதுதான் சங்கடம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பதிவில் இரண்டு உரிமைகள். ஒன்று பாட்டை இயற்றியவருக்கு, மற்றது ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு. பாட்டை இயற்றியவர் ஜேம்ஸ் ப்ரவுன் என்று பதிவாகியிருக்கிறது. ட்ரம்ஸ்காரர் கூலிக்கு வாசித்தவர். கூலி வாங்கியாயிற்று, கணக்கு முடிந்தது. ஆனால் ஸ்டபிள்ஃபீல்ட் பேட்டிகளில் சொன்னது வேறு. பல நேரம் தான் ஒரு தாளத்தைத் தொடங்குவதாகவும், பேஸும் கிடாரும் அதில் வந்து சேர்ந்துகொள்வதாகவும், ப்ரவுன் மேலே வார்த்தைகளைப் போடுவதாகவும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இயற்றியது யார்? மெட்டு எழுதினால் படைப்பு, தாளம் கட்டினால் உழைப்பு என்ற பிரிவினை எனக்கு ஒப்பவில்லை.

1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர்மீது கில்பர்ட் ஓ'சல்லிவன் தரப்பு தொடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம், கேட்காமல் எடுப்பது திருட்டு என்று சொல்லிவிட்டது. அதன்பின் எல்லோரும் அனுமதி வாங்கிப் பணம் கட்டத் தொடங்கினார்கள். பல துண்டுகளை அடுக்கி பப்ளிக் எனிமி கட்டியது போன்ற பாட்டுக்கு இன்று கட்டணம் கட்டி மாளாது. அப்படியும் அந்தப் பணம் உரிமைப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்களுக்குப் போகிறதே தவிர, குச்சியைப் பிடித்தவருக்குப் போவதில்லை.

அவர் பெரிதாகப் பணமும் கேட்கவில்லை. 'காப்பிரைட் க்ரிமினல்ஸ்' ஆவணப்படத்தில் அவரைப் பார்க்கலாம். பெயரைப் போட்டிருக்கலாமே என்பதுதான் அவருடைய ஆதங்கம். எங்கள் மென்பொருள் தொழிலில் ஒருவர் இலவசமாகக் கொடுத்த நிரலை எடுத்தாலும் உரிமக் கோப்பில் அவர் பெயரை விட்டுவைக்க வேண்டும். 'ஃபைட் த பவர்' பாட்டின் வார்த்தைகளிலேயே ஃபங்கி ட்ரம்மர் வருகிறார், ஆசாமியின் பெயர்தான் வரவில்லை! ஆனாலும் ராப்பர்களைத் திருடர்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எடுக்காவிட்டால் அந்த இருபது விநாடி இன்று யார் காதில் விழுந்திருக்கும்? என் காதில் விழுந்திருக்காது.

1971இல் ப்ரவுனை விட்டு விலகி மேடிசனுக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். இருபது வருடங்களுக்கு மேல் திங்கட்கிழமை இரவுகளில் உள்ளூர் அரங்குகளில் வாசித்தார். நான் போவதற்குச் சற்று முன்புதான் உடல்நிலை காரணமாக அந்த நிகழ்ச்சியை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தார். புற்றுநோய் வந்தபோது மருத்துவக் காப்பீடு இல்லை. சுமார் 90,000 டாலர் மருத்துவச் செலவை ஒருவர் சத்தமில்லாமல் கட்டியிருக்கிறார். பாடகர் ப்ரின்ஸ். 2016இல் ப்ரின்ஸ் இறந்தபின்தான் ஸ்டபிள்ஃபீல்ட் அதை வெளியில் சொன்னார்.

2017 மே மாதம், நான் பட்டம் வாங்கிய அதே விஸ்கான்ஸின் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

கேட்க விரும்புகிறவர்கள் பாட்டின் நீண்ட வடிவத்தைத் தேடி எடுங்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், கைபேசி ஒலிபெருக்கியில் முணுமுணுப்பு கேட்காது. ஐந்தரை நிமிடம் வரை பொறுமையாக இருங்கள்.