இரண்டு மலைகளும் ஒரு கைபேசியும்

பழனியாண்டவரைத் தரிசிக்க மலையேறுகிறவர் தம் கைபேசியை அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கிருந்து மேலே கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டியில் போக விரும்புகிறவரோ, முன்கூட்டியே இணையத்தின் மூலம் 'இ-பாஸ்' பெற வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் நாடுவது கைபேசியைத்தான். ஒரே மலைச்சாரல், ஒரே கருவி. ஆனால் நேர் எதிரான இரண்டு கட்டளைகள்!

இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளிலிருந்து பிறந்தவை. பழனியில் 2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் கைபேசிக்குத் தடை. ஸந்நிதியில் கைகூப்ப வேண்டிய கைகள் படம் பிடிப்பதில் முனைந்துவிட்டன அல்லவா? கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025-ஆம் வருஷக் கோடையில் வார நாட்களுக்கு 4,000 வண்டிகள், வார இறுதிக்கு 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதித்தார்கள். மலை தாங்கக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை யார் மறுக்க முடியும்? ஆகவே இரண்டு கட்டளைகளும் நியாயமானவையே.

ஆனால் கைபேசி செய்யும் கம்பெனிகளின் போட்டா போட்டியில் இந்த நியாயங்களுக்கு இடமில்லை. 'எங்கள் காமிராவே சிறந்தது, எங்கள் கருவியே வேகமானது' என்பதே அங்கே பேச்சு. அந்தப் போட்டியின் சரித்திரத்தை அறியத் தமிழர்கள் தூர தேசம் போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தந்தது. தொடுதிரைக் கருவிகள் வந்ததும் நோக்கியாவின் ஆதிக்கம் சரிந்தது. வரி வழக்கும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டது. நம் நாட்டு மைக்ரோமாக்ஸ் ஒரு சமயம் கொரியாவின் ஸாம்ஸங்கோடு சமமாக மல்லுக்கு நின்றது. 2016-இல் ஜியோ வந்து 4ஜி-யைப் பரப்பியபோது, சீனக் கம்பெனிகள் அதற்கேற்ற கருவிகளை மலிவாகக் குவித்தன; நம்மவர்கள் பின்தங்கினார்கள்.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூரில் தைவான் நாட்டு ஃபாக்ஸ்கான் கம்பெனி, அமெரிக்க ஆப்பிளுக்காக ஐஃபோன்களை இணைத்துத் தருகிறது. அங்கே உழைப்பவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். சந்தோஷமான விஷயந்தான். ஆனால் வடிவமைப்பு அமெரிக்காவில். அதன் மூளையான சில்லு பிறப்பது தைவானில். கைகள் நம்முடையவை, மூளை பிறருடையது என்றால் அதைப் பூரண சுதேசி என்று எப்படிச் சொல்வது?

வெறும் மலிவும் சுதேசியாகிவிடாது. மாணவர்களுக்காக 2011 அக்டோபரில் டில்லியில் வெளியிட்ட 'ஆகாஷ்' பலகைக் கணினியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சர்க்கார் அதை வாங்கிய விலை சுமார் 2,250 ரூபாய். பெயர் வானளாவியது, ஆனால் திரையோ அழுத்தித் தேய்த்தால்தான் அசைந்தது, பாட்டரியோ விரைவில் சோர்ந்தது. பாடம் படிக்கும் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்த்து விலையை நிர்ணயிக்காமல், விலையை நிர்ணயித்துவிட்டுக் கருவி செய்ததன் பலன் அது.

கொடைக்கானல் மேல்மலைச் சிற்றூர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டியது மூன்றாவது காமிரா அல்ல. வீட்டுக்குள் ஒரு 'சிக்னல்.' வானொலி அலையை மலை முகடுகள் மறிக்கின்றன. கோபுரம் நாட்டலாமென்றால், சில நூறு வாடிக்கைக்காரர்களுக்காக அந்தச் செலவு கட்டாது என்கிறது வியாபாரக் கணக்கு. 2020-இல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது, தமிழ்நாட்டு மலையூர்ப் பிள்ளைகள் பாடம் கேட்கப் பாறைகளின் மேல் ஏறி நின்றார்கள். வீட்டுக்கு ஒரே கைபேசி. அதுவும் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். எந்தக் கம்பெனி முந்தினால் அந்தக் குழந்தைக்கு என்ன? அதன் பாடம் பிந்திவிட்டது.

மலைப்பாதை, மாணவரின் பாடம், ரேஷன், பணப் பட்டுவாடா ஆகியவற்றுக்கெல்லாம் கைபேசியே சாவி என்று சர்க்கார் வகுக்குமானால், அந்தச் சாவி எல்லோர் கையிலும் இருக்கும்படி பார்ப்பதும், இல்லாதவருக்கு வேறொரு வாயில் திறந்து வைப்பதும் சர்க்காரின் கடமையே. இ-பாஸ் விஷயத்தில் அப்படி ஒரு வாயில் இருக்கிறது: அரசாங்க பஸ்ஸில் போகிறவருக்கு அது வேண்டியதில்லை. மற்றக் காரியங்களிலும் இந்த முறை பரவ வேண்டும்.

வாங்குகிற நமக்கும் பொறுப்பு உண்டு. கடையில் காமிராவின் பெருமையைக் கேட்பதோடு நிற்காமல், 'பழுதானால் பக்கத்து ஊரில் சரிசெய்ய முடியுமா? பாட்டரி மாற்றக் கிடைக்குமா? எத்தனை வருஷம் உழைக்கும்?' என்று கேட்போம். வாங்குகிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ, அதில்தான் விற்கிறவர்கள் போட்டி போடுவார்கள்.