டிகிரி கையில இருந்தும் வேலை இல்லையா? வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்!

செய்யூர் வட்டாரத்தில் பிழைப்பு என்றால் உப்பளம், வயல், கடல். மூன்றுமே வானத்தை நம்பியவை. மழை பிடித்துக்கொண்டால் உப்பு எடுக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையேறிவிடும். அதனால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள்கூட செங்கல்பட்டு, மறைமலை நகர் பக்கம் கம்பெனி வேலை தேடிப் போகிறார்கள். மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், 'இனிமே எதுக்குப் படிப்பு?' என்று தோன்றுவது இயல்புதான்.

அதற்கு மறைமலை நகரிலேயே ஒரு பதில் கிடைத்தது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி நின்றது. பெரிய கம்பெனி, நிரந்தர வேலை என்ற நம்பிக்கை ஒரே அறிவிப்பில் ஆட்டம் கண்டது. அப்படியொரு நாள் வந்தால், அடுத்த வேலைக்கு நம்மோடு வருவது அனுபவமும் சான்றிதழும்தான்.

சரி, படிக்கலாம் என்று முடிவெடுத்தாயிற்று. இங்கேதான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள்.

குறுக்கு வழி எங்கே முடிகிறது?

ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'பத்தாவது, பிளஸ் டூ எதுவும் வேண்டாம், நேரா டிகிரியே போடலாம்' என்று யாராவது சொன்னால் ஆசையாகத்தான் இருக்கும். மூன்று வருடம் ஃபீஸ் கட்டி, ராத்திரி கண்விழித்துப் படித்துப் பட்டமும் வாங்கிவிடுகிறார். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய முதுகலைப் பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்க முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தமிழக அரசு, அரசாணை எண் 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேறிய பிறகு வாங்கிய பட்டம்தான் அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்பது அதன் சாரம்.

அதாவது, தபாலில் படித்தது குற்றமில்லை. வரிசை மாறியதுதான் குற்றம். பத்து, பிளஸ் டூ, பிறகு டிகிரி. இந்த வரிசையில் போனால் பயமில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடியாகக் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். வயது கூடிவிட்டதே என்ற கூச்சம் வேண்டாம், அதிகபட்ச வயது வரம்பு கிடையாது. அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையங்களில் விண்ணப்பிக்க வேண்டும். அறிவியல் பாடத்துக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதிவுத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் வீணாகிவிடலாம். பிளஸ் டூவுக்கான விவரங்களையும் அதே மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டிலும் வேலையை விடாமலே படிக்கலாம்.

மெஷின் பக்கம் நிற்பவர்களுக்கு...

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் இரண்டாம் ஆண்டு சேரலாம். வேலையில் இருப்பவர்களுக்கென்றே மாலை வகுப்பு நடத்த, தகுதியுள்ள கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-ல் வழி செய்தது. குறைந்தது ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். வேலை செய்யும் இடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன்...

பொறியியல் பட்டம், நர்சிங், சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. 'வீட்டிலிருந்தே பி.இ.' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துவிடுங்கள்.

மற்ற மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஊருக்குள் 'சென்டர்' நடத்துவதாகச் சொன்னாலும் உஷார். மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புக்கு எல்லை உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறது என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் போனிலேயே பார்த்துவிடலாம். 2024 முதல், தொலைநிலைப் படிப்பில் சேர அந்தத் தளத்தில் தனி அடையாள எண்ணும் எடுக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் படித்தால் அந்த வருடங்களின் பாரம் வீட்டிலுள்ள எல்லோர் மீதும்தான். ஷிஃப்ட் முடித்து வந்து படிப்பவருக்குச் சாப்பாட்டை எடுத்துவைப்பவர் முதல், டி.வி. சத்தத்தைக் குறைக்கும் பிள்ளைகள் வரை எல்லோரும் விட்டுக்கொடுத்து வாங்கும் சான்றிதழ் அது. அது செல்லாமல் போகக் கூடாது இல்லையா?

முதல் வேலையாக, பீரோவில் கிடக்கும் பழைய டி.சி.யைத் தேடி எடுங்கள். அதிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தப்பிருந்தால், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள். கடைசியாகப் படித்த பள்ளியில் போய்க் கேட்டால் என்ன செய்வதென்று சொல்வார்கள்.